மலைப் பக்கம்

"டாக்டர், இதை இடது பக்கம் வைக்க முடியாதா?" என்று கேட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னை நிற்கவைத்து, உட்காரவைத்து, குனியவைத்து, பாவாடை நாடா எங்கே விழுகிறது என்றெல்லாம் பார்த்து, தொப்புளுக்குக் கீழே வலது பக்கமாகப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தார். மறுநாள் அந்த வட்டத்தில்தான் துளை போடப் போகிறார்கள். பெருங்குடலை முழுசாக எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை அந்தத் துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். இனி ஆயுசுக்கும் எனக்கு மலம் அந்த வழியாகத்தான் வரும். அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் அவர்கள் சொல்லிச் சொல்லி, நான் கேட்டுக் கேட்டு, மனசு மரத்துப் போயிருந்தது. வட்டத்தைப் பார்த்த பிறகுதான் அது எந்தப் பக்கம் என்பது உறைத்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன், உங்களுக்கு இடது கைப் பழக்கமா?"

"இல்ல டாக்டர்."

"வலது பக்கமாப் படுத்துதான் தூக்கம் வருமா?"

"அதுவும் இல்ல."

"பின்ன என்ன?"

சொன்னால் சிரிப்பார் என்று தெரியும். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர். சிறுகுடல் முடிகிற இடம் வலது பக்கம் என்றும், அதை இடது பக்கம் இழுத்துக்கொண்டு போவது தேவையில்லாத வேலை என்றும் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். நானும் தலையாட்டினேன். என் தலைக்குள் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. வாசலில் நின்றால் எதிரே மலை. திருவண்ணாமலைக்காரர்களுக்கு அந்த மலையேதான் சாமி. அதைச் சுற்றி நடக்கும்போது மலை எப்போதும் வலது கைப் பக்கம்தான் இருக்கும், இருக்க வேண்டும். மாற்றிச் சுற்றக் கூடாது. அப்படியானால் நான் என்றைக்காவது மலையைச் சுற்றினால், என் வயிற்றில் ஒட்டியிருக்கும் பை வழி நெடுக சாமியைப் பார்த்த மாதிரியே வரும். இடது பக்கம் இருந்தாலாவது நடுவில் என் உடம்பு மறைக்கும்.

உயிர் பிழைப்போமா என்று பயப்பட வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு பயம். இதை எந்த டாக்டரிடம் சொல்வது?

எனக்கு வயிறு கெட்டது, மகள் இனியா பிறந்த அடுத்த வருஷம். ரத்தமும் சளியுமாகப் போகும். சாப்பிட்டால் ஓட வேண்டும், சாப்பிடாவிட்டாலும் ஓட வேண்டும். பெருங்குடல் முழுக்கப் புண் என்றார்கள். மாத்திரை போட்டால் முகம் உப்பியது, விட்டால் உடம்பு வற்றியது. இப்படியே எட்டு வருஷம் போனது. இனியா பள்ளி ஆண்டு விழாவில் ஆடினாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்ததில்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் எனக்குப் பதிவறையில் வேலை. எங்கள் மாடியில் பெண்கள் கழிப்பறைக்கு ஒரே ஒரு சாவி. ஆணியில் மாட்டியிருக்க வேண்டிய அந்தச் சாவி வருஷக் கணக்காக என் இடுப்பில்தான் தொங்கியது. ஆணியைத் தேடிப் போகிற அவகாசம்கூட எனக்குக் கிடையாது. மற்றவர்கள் என்னிடம் வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை எனக்கு வியர்த்துக் கொட்டும். கலெக்டருக்கு அடுத்து அதிகாரம் கஸ்தூரிக்குத்தான் என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். அழுத்திச் சிரிக்கவும் பயம்.

காலையில் என் கணவர் மணிவேல் மொபெட்டில் கொண்டுபோய் விடுவார். வழியில் எந்தப் புதர் மறைவானது, எந்த வீட்டில் கேட்டால் கதவைத் திறப்பார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். இந்த லட்சணத்தில் மலையைச் சுற்றுவது எங்கே? கல்யாணமான புதிதில் ஒரு தரம் சுற்றியதோடு சரி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் எங்கள் வாசலைத் தாண்டிப் போவார்கள். என் கணவர் வாசலில் சுக்கு காபிக் கடை போடுவார். நான் உள்ளே கழிப்பறையில் உட்கார்ந்து அரோகரா சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆபரேஷன் முடிந்து நினைவு நன்றாகத் திரும்பிய அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். வலி இருந்தது. வாய் வறண்டிருந்தது. மூக்கில் குழாய். ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்தேன். அந்த வார்டில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே போனாலும் நான் முதலில் பார்த்து வைக்கிற விஷயம் அது. அங்கே தெரிந்துகொள்ளக்கூடத் தோன்றவில்லை. அது புரிந்ததும் அழுதேன். நர்ஸ் வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து ஊசியோடு வந்துவிட்டார்.

பையோடு பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. ஒன்றிரண்டு தரம் கசிந்து, புடவை போய், இதற்குச் செத்தே தொலைந்திருக்கலாம் என்று கத்தியிருக்கிறேன். பிறகு கை பழகிவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் போய், அடியில் இருக்கிற கிளிப்பைக் கழற்றி, காலி செய்து, கழுவிவிட்டு வந்தால் வேலை முடிந்தது. எப்போது போவது என்பதை நான் முடிவு செய்வேன். இந்தச் சுகம் உங்களுக்குப் புரியாது. எட்டு வருஷம் வயிறு ஏவிய வேலையைச் செய்தவளுக்குத்தான் புரியும்.

முகம் வடிந்து பழைய கஸ்தூரி கண்ணாடியில் திரும்பி வந்தாள். ஆபீஸில் மறுபடி சேர்ந்த அன்றைக்கு இடுப்புச் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரி அதை எடுத்துத் திரும்ப என்னிடமே நீட்டினாள். அவ்வளவு பழக்கம்.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. அந்தக் குடல் முனைக்கு இங்கிதம் தெரியாது. நினைத்த நேரத்தில் கொர்ரென்று சத்தம் போடும். ஒரு நாள் ஆபீஸில் எல்லாரும் கூடியிருந்த நேரத்தில் அது குரல் கொடுக்க, எங்கள் கண்காணிப்பாளர் குனிந்து தன் நாற்காலிக் காலை ஆட்டிப் பார்த்தார். நானும் கூடவே குனிந்து பார்த்தேன்.

பை விஷயம் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தோம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பையோடு திரிகிறவள் என்று பெயர் வந்துவிட்டால், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி நகர்ந்து உட்காருவாள். நகரக்கூட வேண்டாம், மூக்கை ஒரு தரம் சுருக்கினால் போதும். அப்புறம் நான் எந்தப் பந்தியிலும் உட்கார மாட்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மார்கழி பிறக்கும்வரை.

என் மாமியார் வெள்ளையம்மாளுக்கு வாயும் நீளம், வேண்டுதலும் நீளம். நான் ஆபரேஷன் மேசையில் கிடந்தபோது அவர் அடி அண்ணாமலைக் கோயிலில் நின்று, மருமகள் பிழைத்து வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னாடி, ஒடம்புதான் தேறிக்கிச்சே, எப்பப் போலாம்?" என்று ஆரம்பித்தார்.

"வெயில் ஜாஸ்தியா இருக்குது அத்தை."

"மார்கழில இன்னாடி வெயிலு?"

அடுத்த வாரம் கால் வலி என்றேன். அதற்கடுத்த வாரம் ஆபீஸில் வேலை என்றேன். சாமி காரியத்தில் இவள் இழுத்தடிக்கிறாளே என்று அவருக்குக் கோபம். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டேவிட்டார்.

"எனக்கு வலது பக்கம் இருக்குது அத்தை" என்றேன்.

"இன்னா இருக்குது?"

"பை."

அவருக்குப் பிடிபடவில்லை. என் கணவருக்குப் புரிந்துவிட்டது. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "மலப் பக்கம்" என்றார் மெதுவாக.

மாமியார் என் வயிற்றைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார். பைத்தியக்காரி, போடி, என்று என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டித் தீர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எதற்கும் பதில் வைத்திருக்கிற அவர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அப்போது எனக்கு வந்த வருத்தம் ஆஸ்பத்திரியில்கூட வரவில்லை. உடம்பு சரியாகிவிட்டது, ஆனால் இந்த ஊரில் இனி நான் முழு மனுஷி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். "நான் உனக்கு வலது பக்கமா நடந்து வரேன். நடுவுல நான் இருந்தா மறைச்சிக்கும்ல?"

மாமியாருக்கு உடனே பேச்சு திரும்பியது. "அது சரி. ஒசரமாத்தான் கீறான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டு, புதுப் பை மாற்றிக்கொண்டு வாசலிலிருந்தே கிளம்பினோம். பாதையின் வலது ஓரம் சித்தர்கள் நடக்கிற இடம், மனிதர்கள் இடது ஓரமாகப் போக வேண்டும் என்பது இங்கே வழக்கம். அதனால் நான் இடது ஓரம். எனக்கு வலப்புறம் என் கணவர், தோளில் துண்டை அகலமாக விரித்துப் போட்டுக்கொண்டு, மந்திரிக்குக் காவல் வருகிற போலீஸ்காரர் மாதிரி வந்தார். மாமியார் முன்னால். மஞ்சள் பையில் உப்புப் போட்ட மோர். பெருங்குடல் இல்லாதவர்களுக்கு உடம்பில் உப்பும் தண்ணீரும் தங்காது, குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பாதையைச் சுற்றி இருக்கிற எட்டு லிங்கக் கோயில்களில் முதலில் வந்த வாயுலிங்கத்தைத் தாண்டினோம். நன்றாக நடந்தேன். கால் என்னுடையதுதானா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு நன்றாக நடந்தேன். குபேரலிங்கத்தின் பக்கத்தில் பூ விற்கிற எல்லம்மாள் அக்கா எங்களைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"வா கஸ்தூரி. பை ரொம்பிக்கிச்சா? எங்க ஊட்டு பாத்ரூம்ல தண்ணி புடிச்சி வெச்சிக்கீறேன், போய்ட்டு வந்துடு."

பக்கத்தில் கற்பூரம் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. வேண்டாம் அக்கா என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். என் கணவர் வலப்பக்கத்தை விடாமல் ஓடி வந்தார்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லல கஸ்தூரி. வழியில இருக்கறவங்களுக்குத்தான் சொன்னேன். நாலே பேரு."

"வழியில இருக்கறவங்க ஊர் இல்லயா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். இத்தனை வருஷமும் நான் எங்கே கிளம்பினாலும் எனக்கு முன்னால் போய்க் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்து பழகியவர். இந்தத் தடவையும் அதையேதான் செய்திருக்கிறார். செய்தது என்னவென்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தலை கொதித்தது. அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை.

இடுக்குப் பிள்ளையார் கோயில் வந்தது. ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து வெளியே வருகிற அளவுக்குத்தான் அங்கே சந்து. நுழைந்து வந்தால் நோய் போகும் என்பார்கள். பை பிதுங்கிவிடும் என்று நான் வெளியிலேயே கும்பிட்டேன். உனக்கும் சேர்த்து நானே போய் வருகிறேன் என்று மாமியார் ஒரு தரம் தனக்காக நுழைந்து வந்தார். இரண்டாவது தரம் எனக்காக நுழைந்து பாதியில் மாட்டிக்கொண்டார். "புடிச்சி இழுடா" என்று உள்ளேயிருந்து குரல். பேசிக்கொள்ளாத புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்து புடவையை உதறியவர், "ஒன் நோவு பெரிய நோவுதான் போல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில் அடக்கிக்கொண்டேன்.

டவுனுக்குள் நுழைந்தபோது பை நிஜமாகவே நிறைந்துவிட்டது. வீம்பு பிடிக்க இடமில்லை. தேரடி வீதியில் ஒரு லாட்ஜ் வாசலில் என் கணவரோடு படித்த அன்பரசன் நின்றிருந்தார். நான்கு பேரில் இரண்டாவது ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. "ரூம் தொறந்து வெச்சிருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். போய்விட்டு வந்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன், மூக்கு சுருங்குகிறதா என்று. "டீ சாப்பிடறீங்களா, காபியா?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்பது போலத்தான் கேட்டார்.

மூன்றாவது ஆள் வீடு பூட்டியிருந்தது. நிருதி லிங்கத்தை நெருங்கும்போது நான்காவது வீடு. என் கணவரின் பெரியப்பா மகன் சின்னசாமி மாமாவின் வீடு அது. ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு பௌர்ணமி விடாமல் மலையைச் சுற்றியவர். கொஞ்ச காலமாக வெளியே தலை காட்டுவதில்லை என்று கேள்வி. அவர் மனைவி உண்ணாமலை அக்கா கேட் பக்கத்திலேயே நின்றிருந்தார். வெகு நேரமாக நிற்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"உள்ள வா கஸ்தூரி" என்று என் கையைப் பிடித்தவர் விடவில்லை. "மணிவேல் வந்து தண்ணி ஒரு பக்கெட் வேணும்னு சொல்லச்சொல்லத்தான் ஒன் விசயம் எனக்குத் தெரியும். ஒனக்கு வந்த புண்ணுதான் எங்க ஊட்டுக்காரருக்கும். அதே ஆபரேஷன்தான் சொல்லிட்டாங்க. போன மாசம் வேலூருக்குப் பொறப்பட்டவரு போளூர்ல எறங்கி, எதிர் பஸ்ஸு புடிச்சி வந்துட்டாரு. இன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. இப்படியே போனா ரத்தம் நிக்காதுன்னு டாக்டரு சொல்றாரு."

என் கணவருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

சின்னசாமி மாமா வாசலில் வெயில் படுகிற இடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகத்தான் இருந்தார். என் பழைய முகம் அவர் முகத்தில் இருந்தது. கழிப்பறைக் கதவுக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு சாமான் இல்லாமல் ஒழித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

வலிக்குமா, நாறுமா, வேலைக்குப் போக முடியுமா என்று கேட்பார் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"எந்தப் பக்கம்மா வெச்சாங்க?"

உலகத்திலேயே நான் ஒருத்திதான் இப்படி ஒரு பைத்தியக்காரப் பயத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"வலது பக்கம் மாமா."

அவர் பாதைக்கு அந்தப் பக்கம் மலையைப் பார்த்தார். "எனக்கும் அதான் சொன்னாங்க. காயிதத்துல படம் போட்டாங்க. பஸ்ஸுல போவச்சொல்ல அதையே நெனச்சிக்கினு போனேன். எத்தினி வருசம் சுத்தன காலு..." நிறுத்திவிட்டு, "நீ அதோடதான் சுத்திக்கினு வர்றியா?" என்றார்.

"ஆமா மாமா. முக்காவாசி வந்துட்டேன்."

"மறைக்காமயா?"

என் கணவர் அப்போதும் என் வலப்பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"மறைக்காமத்தான்" என்றேன்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கணவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி விரித்துப் போடாமல் கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆவலியா?"

"பசிக்குது மாமா. வேற ஒண்ணும் ஆவல."

அவர் உதட்டில் ஏதோ அசைந்தது. நான் உண்ணாமலை அக்காவைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பையைக் காலி செய்யும்போது கூடவே நிற்கச் சொன்னேன். மாற்றுப் பை கையில் இருந்ததால் பழையதைக் கழற்றி முழுசாகவே காட்டினேன். வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் காட்டியதில்லை. அவர் குனிந்து கிட்டத்தில் பார்த்தார். மூக்கைப் பொத்தவில்லை. வெளியே போய்க் கணவரிடம், "இவ்ளோதாங்க, பல் ஈறு மாதிரி செவப்பாக் கீது, வலியே இல்லயாம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நான் திரும்பி வந்தபோது மாமா இன்னொரு கேள்வி வைத்திருந்தார். "மொளகா பஜ்ஜி சாப்புடலாமா?"

"மொதல்ல கொஞ்ச நாளைக்கு வேணாம் மாமா. அப்புறம் நல்லா மென்னு சாப்புடலாம். நான் சாப்புடறேன்."

நாங்கள் கிளம்பியபோது அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். பாதையில் இறங்கினோம். பழக்கத்தில் என் கணவர் வலப்பக்கம் வந்து நின்றார்.

பத்தடி போயிருப்பேன். அதற்குமேல் கால் வரவில்லை. நோயாளியிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் அதை நம்பி வயிற்றில் கத்தி வைத்துக்கொள்ளப் போகிறார். நம்பிக்கொண்டு கேட்டில் நின்று பார்த்துக்கொண்டும் இருக்கிறார்.

"நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்றேன். குபேரலிங்கத்துக்கு அப்புறம் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். நடுவுல யாரும் வேணாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சுற்றி இடது பக்கம் வந்துவிட்டார். எனக்கும் மலைக்கும் நடுவில் வெறும் தார் ரோடு. நடந்தேன். முதலில் வலது பக்கம் முழுக்கக் கூசியது. முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளக் கை போனது. இழுக்கவில்லை. மலை என்னோடுகூடவே வந்தது, காலையிலிருந்து வந்த மாதிரியே. பாறையும் புதரும் வெயிலுமாக இருந்தது. எனக்குப் பயந்து அது நகர்ந்து போகவில்லை. மூக்கைச் சுருக்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பை கொர்ரென்று சத்தமாகக் குரல் கொடுத்தது. எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. நான் நின்றுவிட்டேன்.

"நட" என்றார் மாமியார், திரும்பிப் பார்க்காமலே. "இத்தினி வருசமா இந்த மல லட்சம் சனத்தோட கத்தல கேட்டுக்கினு கீது. இதுவா அதுக்குப் பெருசு?"

அன்றைக்குச் சாப்பிடும்போது சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவர் இவ்வளவு நாள் கழித்துச் சொல்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரிய பாரம் இறங்கியது என்று சொல்வார்களே, அது நிஜமாகவே உடம்பில் தெரிகிற விஷயம். தோள் லேசாகி, மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது. திரும்பிப் பார்த்தேன். சின்னசாமி மாமா இன்னும் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் கையை ஆட்டினேன்.

வருணலிங்கம் தாண்டி ஒரு தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவர் என்னைக் கேட்காமலே வாங்கி வந்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவருடைய நான்கு பேரைப் பற்றி அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை. மோரைக் குடித்துவிட்டு மிச்சத்தை அவரிடம் கொடுத்தேன். அவருக்கு அது போதும்.

புதன்கிழமை சின்னசாமி மாமா மறுபடி வேலூர் பஸ் ஏறினார். துணைக்குப் போன என் கணவர் வந்து சொன்னார். போளூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது மாமா முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்தார். பஸ் கிளம்பி ஊரைத் தாண்டிய பிறகுதான் கையை எடுத்தாராம்.